வண்டி என்னுது

கப்பலில் தூங்குகிறவர்களுக்கு எடை கூடுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் சங்ககிரி காளியண்ணன். அதற்கு அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

ஒரு டயர் கம்பெனி, தன்னிடம் நிறைய டயர் வாங்கிய லாரி உரிமையாளர்கள் தொண்ணூறு பேரை மனைவிமாரோடு சேர்த்து, சென்னையிலிருந்து திரிகோணமலைக்குப் போய்த் திரும்பும் அந்தப் பத்து மாடி உல்லாசக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தது. தொண்ணூறு பேரில் முக்கால்வாசிப் பேர் ஒரு காலத்தில் டிரைவர்களாக இருந்தவர்கள், அவர்களுக்குச் சங்கச் செயலாளர் காளியண்ணன். இரண்டாம் நாள் மத்தியானம், ஏற்றிய லோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள ஸ்டியரிங்குக்கு முன்னால் டம்ளரை வைத்துப் பார்ப்பதுபோல, ஏழாம் தளத்துக் கூடத்தில் ஒரு மேஜைமேல் தண்ணீர் டம்ளரை வைத்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அலைக்குத் தக்கபடி தண்ணீர் இப்படியும் அப்படியும் ஆடியது, அது சரிதான், ஆனால் ஆடி முடிக்கும்போதெல்லாம் வலது விளிம்பில் ஒரு விரற்கடை கூடுதலாகவே நின்றது. காளியண்ணன் எழுந்து வலப்பக்கத்து நடைபாதையில் ஒரு நடை நடந்து பார்த்தார். அந்தப் பக்கத்து அறைகளில் இருந்த விஜயவாடாக்காரர்கள் எல்லோரும் தயிர்சாதம்வரை சாப்பிட்டுவிட்டு ஒருவர் பாக்கியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி வந்து டம்ளரைப் பார்த்தார், பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பொறுப்பான ஆளைத் தேடிப் போனார்.

பொறுப்பான ஆள் இரண்டாம் அதிகாரி ஜெரோம் மச்சாது, தூத்துக்குடிக்காரர், அவருக்கும் அந்த நேரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நான்காம் தளத்தில் எட்டு மாதக் குழந்தை ஒன்று சோபாவில் தூங்கிப்போயிருந்தது, அதை அறைக்குக் கொண்டுபோக முடியவில்லை என்று அதன் தாய் புகார் சொல்லியிருந்தாள். இரண்டு பணியாளர்கள் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள், பிறகு நான்கு பேர், குழந்தை அசையவில்லை, சோபாவின் கால் ஒன்று மட்டும் தரைக்குள் இறங்கியது. பிறகு அது தானாக விழித்துச் சிரித்தது, தாய் அதை ஒரு கையால் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். இதைக் கேட்டதும் காளியண்ணன், “அதேதான் தம்பி,” என்றார். தூக்கத்துக்குக் கனம் இருக்கிறது, வீட்டில் தரை தாங்கிக்கொள்வதால் யாருக்கும் தெரிவதில்லை, தண்ணீர்மேல் வந்ததும் தெரிகிறது, அவ்வளவுதான் என்பது அவர் அபிப்பிராயம். மச்சாது கேப்டனிடம் சொன்னார். கேப்டன் எந்த நாட்டுக்காரர் என்று கடைசிவரை யாருக்கும் சரியாகத் தெரியாது, குறைவாகப் பேசுகிற, நரைத்த புருவமுள்ள மனிதர். அவர் தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: சரக்காகக் கருதிக்கொள்ளவும்.

அன்று சாயங்காலம் கடல் கெட்டது. வங்கக் கடலில் கிடந்த காற்றழுத்தம் எதிர்பார்த்த பாதையை விட்டு இவர்கள் பாதைக்கு வந்தது, துறைமுகங்கள் மூடப்பட்டன, அலைகள் நான்காம் தளத்துக் கண்ணாடிவரை வந்து பார்த்துவிட்டுப் போயின, வானமும் நீரும் ஒரே ஈய நிறமாகி, பகல் எது இரவு எது என்பதைச் சாப்பாட்டு மணி அடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பயத்தில் எல்லோரும் விழித்திருந்தார்கள். எல்லோரும் விழித்திருந்ததால் கப்பல் காலி டப்பாவைப்போல எடையற்று அலைமேல் துள்ளியது, துள்ளியதால் யாராலும் தூங்க முடியவில்லை. மச்சாது ஒலிபெருக்கியில், பயணிகள் தயவுசெய்து தூங்கும்படி மூன்று மொழிகளில் கேட்டுக்கொண்டார். கேட்டவர்களுக்கு இருந்த தூக்கமும் போயிற்று.

லாரிக்காரர்களுக்கு மட்டும் அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வெங்காய மூட்டைமேலும் இரும்புக் கம்பிமேலும் தார்ப்பாய்க்கு அடியிலும், ஓடுகிற வண்டியில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கத் தூங்கியவர்கள் அவர்கள். காளியண்ணன் அவர்களில் முப்பது பேரைக் கப்பலின் முன்பக்கமும் முப்பது பேரைப் பின்பக்கமும் படுக்க வைத்தார். பத்து நிமிடத்தில் கப்பல் ஒரு முழம் இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்தது, ஆட்டம் பாதியாகக் குறைந்தது, ஆட்டம் குறைந்ததும் மற்றவர்களில் சிலருக்குக் கண் சொருகியது, அவர்கள் சொருகியதும் இன்னும் ஒரு சாண் இறங்கியது. மறுநாள் காலை காளியண்ணனுக்குக் கப்பலின் வரைபடமும் ஒரு வெள்ளைச் சட்டையும் கொடுக்கப்பட்டன. சட்டையை அவர் போட்டுக்கொள்ளவில்லை, மடித்து மனைவி வசந்தாமணியிடம் கொடுத்துவிட்டார்.

“லோடுன்னா ரெண்டு பக்கமும் சமமா ஏத்தோணும். ஒரே நேரத்துல எல்லாத்தையும் ஏத்தவும் கூடாது, மொத்தமா எறக்கவும் கூடாது,” என்று அவர் கூடத்தில் எழுநூறு பேருக்கும் சொன்னார். மச்சாது அதை மற்ற மொழிகளில் சொன்னார்.

அப்படித்தான் முறை வந்தது. பாதிப் பேர் தூங்கும்போது பாதிப் பேர் விழித்திருப்பது, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது. யாருடைய தூக்கம் எவ்வளவு கனம் என்பதெல்லாம் ஒரே நாளில் கப்பலுக்கு அத்துப்படியாகிவிட்டது. கைக்குழந்தைகளின் தூக்கம் ஈயக்குண்டுபோல அடர்த்தியானது, ஆகவே அவர்களை நடுவில் கிடத்தினார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த புதுமணத் தம்பதியின் தூக்கம் பொரி மூட்டை கனம்கூட இல்லை, எங்கே படுத்தாலும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டார்கள். சண்டை போட்டுவிட்டுத் தூங்கியவர்களின் கனம் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டது, அதனால் சமாதானம் செய்துவைத்த பிறகே அவர்களைப் படுக்க அனுமதித்தார்கள். மனைவி பேசும்போதெல்லாம் கண்ணை மூடிக் குறட்டை விடுகிற ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், மெத்தை ஒரு அங்குலம்கூட அமுங்காததால் கையும் களவுமாகப் பிடிபட்டார். காபி இயந்திரத்தை நிறுத்தி அதன்மேல் துணியைப் போர்த்தினார்கள். சமையல்காரர்கள் மோர்க்குழம்பும் தயிர்சாதமும் கூடுதலாகச் செய்தார்கள். நடனக் கூடத்தில் பாய் விரிக்கப்பட்டது. கப்பலின் டிரம் வாசிப்பவர் மிக நன்றாகத் தூங்குகிறவர் என்று தெரியவந்து, மேடையில் கிடைக்காத மரியாதை அவருக்கு முன்பக்கத்துப் பாயில் கிடைத்தது.

முறை மாறும்போது சொல்வதற்கு ஒரு வார்த்தையையும் காளியண்ணன் கற்றுக்கொடுத்தார். நெடுந்தூர வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருப்பார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னாலுள்ள பலகையில் படுப்பார். ஸ்டியரிங் கை மாறும்போது வாங்குகிறவர் ‘வண்டி என்னுது’ என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை கொடுத்தவர் கண்ணை மூடக்கூடாது, சொன்ன பிறகு கண்ணைத் திறக்கக்கூடாது. சங்ககிரி வண்டிகளில் எழுதாத சட்டம் அது. கப்பலில் எல்லோரும் அதைச் சொன்னார்கள். விஜயவாடாக்காரர்கள் சொன்னார்கள், சீட்டு விளையாடிய பெண்கள் சொன்னார்கள், ஆறாம் தளத்தில் இருந்த ஜெர்மன் கிழவர் தன் மனைவியின் படுக்கையருகே குனிந்து, எழுதி வைத்துக்கொண்ட காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், அவர் முடிக்கும் முன்பே அந்த அம்மாளின் கட்டில் முனகிக்கொண்டு இறங்கியது.

இத்தனை பேரில் ஒருவருக்கு மட்டும் எடை கூடவே இல்லை. அவர் நாச்சிமுத்து, மூன்று லாரிக்குச் சொந்தக்காரர், ஐந்தாம் தளத்தில் இடப்பக்கத்து அறைக்காரர். அவர் தூங்கிப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. படுப்பார், கண்ணை மூடுவார், விடிந்ததும் எழுந்து பல் துலக்குவார், நடுவில் தூக்கம் மட்டும் வராது. சேலத்திலும் ஈரோட்டிலும் பார்க்காத டாக்டர் இல்லை. ஆளும் நன்றாகத்தான் இருந்தார், கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு பைகள் தொங்கின, அவற்றை அவர் பேரக் குழந்தைகள் பிடித்து இழுத்து விளையாடும்.

அவர் மனைவி பாவாயி நேர்மாறு. அவளுக்குத் தலையணை தேவையில்லை, தலையணை என்ற பேச்சே போதும். கல்யாணத்தன்று தாலி ஏறிய கையோடு மாப்பிள்ளை தோளில் சாய்ந்து தூங்கியவள் என்று சொந்தத்தில் இன்றுவரை கேலி உண்டு. ஆகவே முப்பத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் தன் புருஷன் தூங்கி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. முதல் பதினாறு வருஷம் அவர் தூங்கியதெல்லாம் லாரியில், வீட்டுக்கு வந்த நாட்களிலும் அவள் முந்திக்கொள்வாள். பிறகு அவர் தூங்குவதே நின்றுபோயிற்று. கடல் தொட்டில்போல ஆட்டும், அங்கே போனால் தூங்காதவரும் தூங்குவார் என்று பவானியில் ஒரு தைலக்காரர் சொல்லித்தான் அவள் இந்தக் கப்பலுக்கே சம்மதித்தாள். தூங்குகிற அவர் முகம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவளுக்கு இந்தப் பயணத்தில் வேறு எந்த ஆசையும் இல்லை. ஆனால் கப்பலில் ஏறிய மூன்று நாளில் அவள் கப்பலிலேயே கனமான தூக்கக்காரி என்று பெயர் எடுத்தாள், அவளுக்குச் சமம் செய்ய வலப்பக்கத்தில் நான்கு ஆண்களைப் படுக்கவைக்க வேண்டியிருந்தது, அவர் எப்போதும்போல விழித்திருந்தார்.

விழித்திருந்த அவரால் கப்பலுக்கு உபகாரம்தான். எந்த நேரத்தில் யாருக்கு மாற்றாள் வேண்டுமானாலும் நாச்சிமுத்து போய் நின்றார். கணவனில்லாமல் தனியாக வந்திருந்த டீச்சரம்மாவின் கதவுக்கு வெளியே நின்று, “வண்டி என்னுதுங்க,” என்றார். சமையல்காரர்களுக்குச் சொன்னார், டிரம்காரருக்குச் சொன்னார், தாசில்தாருக்கு உண்மையாகவே தூக்கம் வரும்வரை மூன்று தடவை சொன்னார். அவர் சொன்னால் கூடுதல் கனமாகத் தூக்கம் வருகிறது என்று ஜனங்கள் அவரையே கேட்டு வாங்கினார்கள். நான்காம் நாள் காலைக்குள் அவர் இருநூறு பேருக்காவது சொல்லியிருப்பார் என்று வசந்தாமணி கணக்குச் சொன்னாள்.

யாரும் சொல்லி முடிக்கும் முன்பே தூங்கிவிடுகிற பாவாயிக்கு அப்போதுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. லாரிக்குள் ஏறியே அறியாதவள் அவள், அவருடைய லாரி வாழ்க்கை வாசலில் ஹாரன் சத்தமாக மட்டுமே அவளுக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் காளியண்ணன் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்து, “ஏனுங்ணா, அவரு எல்லாருக்கும் சொல்றாரே, அவருக்கு ஆரு சொல்லுவாங்க?” என்று கேட்டாள்.

காளியண்ணன் யோசித்தார். முன்னெல்லாம் செங்கோடன் சொல்லுவான் என்றார். நாச்சிமுத்துவோடு ஒரே வண்டியில் பதினாறு வருஷம் போன ஜோடி டிரைவர். வண்டி ஓட்டும்போது வாய் ஓயாதவன், முன்னால் என்ன வருகிறது பின்னால் என்ன போகிறது என்று படுத்திருப்பவனுக்குச் சொல்லிக்கொண்டே வருவான், அதைக் கேட்டுக்கொண்டே நாச்சிமுத்து செத்த பிணம்போலத் தூங்குவான். மஞ்சக்காமாலையில் செங்கோடன் போன பிறகு நாச்சிமுத்து ஸ்டியரிங்கை விட்டு இறங்கிவிட்டான், சொந்த வண்டி வாங்கினான், ஓனர் ஆனான். “ஓனருக்குப் போயி ஆரம்மா சொல்லுவாங்க,” என்றார் காளியண்ணன். சொல்லிவிட்டு, கையில் இருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தார். அவருக்கே அது அப்போதுதான் உறைத்தது.

செங்கோடன் செத்து எத்தனை வருஷம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

அன்று மத்தியானமே அவள் அறைக்குப் போய், கட்டிலில் கண்ணை விழித்துப் படுத்திருந்த புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, கையை அவர் நெஞ்சின்மேல் வைத்து, “வண்டி என்…” என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவள் தூங்கிவிட்டாள். கட்டில் இறங்கியது. கூடத்தில் காளியண்ணன் டம்ளரைப் பார்த்துவிட்டு, பாவாயி முறை தவறிப் படுத்துவிட்டதாகப் புரிந்துகொண்டு, வலப்பக்கத்தில் நாலு பேரை அவசரமாகப் படுக்கச் சொன்னார்.

எழுந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய்ப் பச்சை மிளகாய் கேட்டாள். எவ்வளவு என்று கேட்டார்கள், மடியை விரித்துக் காட்டினாள். தூக்கம் வந்தால் டிரைவர்கள் மிளகாயைக் கடிப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். வசந்தாமணியிடம் தலைவலித் தைலம் வாங்கிக் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டாள். படுத்தாலும் வம்பு, உட்கார்ந்தாலும் வம்பு என்று, கட்டிலின் தலைமாட்டில், சுவரில் இருந்த பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பல் இடமும் வலமுமாகச் சாய்ந்தது, அவளும் சாய்ந்தாள். சிறிய வட்ட ஜன்னலில் ஒருமுறை வானம் தெரிந்தது, ஒருமுறை தண்ணீர் தெரிந்தது.

“வண்டி என்னுது,” என்றாள்.

நாச்சிமுத்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அந்த வார்த்தையை அவள் வாயில் கேட்டதில் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“நீ தூங்கிப்போடுவ.”

“மாட்டேன்.”

“மொளகா எத்தன இருக்குது?”

“ஒரு மடி.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். அவளுக்குத் தெரிந்தது, அவர் நம்பவில்லை. அவள் ஒரு மிளகாயைக் கடித்தாள். கண்ணில் நீர் வந்தது. செங்கோடன் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் ஓட்டுகிறவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தெரியும், அதனால் ஜன்னலில் தெரிவதைச் சொன்னாள், பெரிய அலை ஒன்று வருகிறது, ஏறுகிறோம், ஏறிவிட்டோம், இறங்குகிறோம் என்று. அலைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததால் சீக்கிரத்தில் பேச்சு தீர்ந்துபோயிற்று. அப்போது, பதினேழு வருஷமாக அவர் போனில் டிரைவர்களோடு கத்துவதைக் கேட்டுக் கேட்டு மனதில் தங்கியிருந்த ஊர்ப்பெயர்கள் அவளுக்கு வந்தன. அவள் பார்த்தேயிராத அந்த ரோட்டை அவள் எடுத்துக்கொண்டாள். சங்ககிரி தாண்டியாயிற்று என்றாள். சேலம் பைபாஸ், வலது பக்கம் இரும்பு ஆலை, ஓமலூரில் கூட்டமில்லை, நல்ல வெயில், டயர் சூடாக இருக்கிறது, தீவட்டிப்பட்டியில் நிறுத்தலாமா, வேண்டாம், போவோம் என்றாள்.

“தொப்பூர் வந்துதா?” என்றார் நாச்சிமுத்து. கண் மூடியிருந்தது.

“ஏத்தத்துலதான் போறோம். பதனமா.”

“எந்த கியர்?”

கியர் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. “சின்ன கியர்,” என்றாள்.

அவர் உதடு லேசாக விரிந்தது. சற்று நேரம் கழித்து, “முன்னால என்ன வண்டி?” என்றார்.

“வைக்கோல் வண்டி. பின்னாடி செவப்பு லைட்டு இல்ல. நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க மாமா.”

தர்மபுரி போகும் முன் கட்டில் ஒரு அங்குலம் இறங்கியது. பிறகு ஒரு சாண் இறங்கியது. பிறகு கட்டிலின் நான்கு கால்களும் தரை விரிப்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போக, மேஜையிலிருந்த சீப்பும் தைல டப்பியும் அவள் மடியிலிருந்து சிந்திய மிளகாயும் கட்டிலை நோக்கி உருண்டு வர, மூடிய கண்ணுக்குக் கீழே தொங்கிய இரண்டு பைகளும் மெல்ல மெல்ல வற்றித் தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டதைப் பாவாயி பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. புருவம் உயர்ந்து, பக்கத்து வீட்டில் யாரோ சாப்பிடக் கூப்பிட்டதுபோல ஒரு பாவம் முகத்தில் இருந்தது. அவள் நினைத்து வைத்திருந்த முகம் அது இல்லை. அதைவிடச் சின்ன முகமாக இருந்தது. பார்த்துக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், கிருஷ்ணகிரிக்கு வண்டியை விட்டாள்.

கூடத்தில் காளியண்ணனின் டம்ளர் மேஜையிலிருந்து வழுக்கி விழுந்து உடைந்தது.

தப்பு அவருடையதுதான். நாச்சிமுத்து தூங்கினால் தூங்கட்டும் என்று, பாவாயி மிளகாய் வாங்கிப் போனது தெரிந்ததுமே, அவருக்காக வலப்பக்கத்தில் ஒரே ஒரு ஆளைக் கூடுதலாகப் படுக்கவைத்திருந்தார். ஒரு நடைக்கு ஒரு லோடு என்பதே லாரிக்காரன் கணக்கு, போன நடைக்கு ஏற்றாமல் விட்ட சரக்கும் இந்த நடையில் வந்து ஏறும் என்று எந்த எடைமேடையிலும் யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. பதினேழு வருஷத்து ராத்திரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடியே நின்றது, அலைகள் அந்தப் பக்கத்து ஐந்தாம் தளம்வரை வந்தன. நீச்சல் குளத்தின் தண்ணீர் ஒரு ஓரமாகத் திரண்டு வழிந்தது.

மச்சாது ஓடி வந்தார். இன்னும் இரண்டு விரல் சாய்ந்தால் தன் கையில் இல்லை என்று நேராகவே சொன்னார். “அண்ணாச்சி, அந்த ஆளை எழுப்பிருவோம். ஒரு ஆளுதானே.”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் காளியண்ணனைப் பார்த்தார்கள். அவர் தரையில் கிடந்த டம்ளர்த் துண்டுகளைப் பார்த்தார். எழுப்பினால் ஒரு நிமிஷத்தில் கப்பல் நிமிர்ந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். டீச்சரம்மா முதலில் எழுந்தாள். தன் தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சாய்ந்த தரையில் சுவரைப் பிடித்து ஏறி வலப்பக்கம் போனாள். அவள் பின்னால் தாசில்தார் போனார். பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. இடப்பக்கத்து அறைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் காதருகே மெல்லத் தட்டி எழுப்பி, எழுப்பியதும் லேசாகிப்போன அவர்களைக் கைத்தாங்கலாக நடத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தைகளின் வாயில் விரலை வைத்து, எழுநூறு பேரும் அந்தக் கப்பலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, உறங்குகிறவன் வீட்டு வாசலைக் கடப்பதுபோல, நாச்சிமுத்துவின் அறையைக் கடந்து போனார்கள். உள்ளே பாவாயியின் குரல் பேசிக்கொண்டே இருந்தது. ஓசூர் வந்துவிட்டது என்று அது சொன்னது. கல்லூரிப் பெண்களில் ஒருத்தி ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

வலப்பக்கத்து அறைகளிலும் நடைபாதையிலும் படிக்கட்டிலும் ஆளுக்கொரு இடம் பார்த்துப் படுத்தார்கள். காளியண்ணன் ஒவ்வொருவரிடமாகக் குனிந்து சொல்லிக்கொண்டே போனார், வண்டி என்னுது, வண்டி என்னுது, வண்டி என்னுது என்று. அலை உயரமாக இருந்தபோதும் எல்லோரும் தூங்கினார்கள். பயப்பட நேரமில்லாததுபோலத் தூங்கினார்கள். கப்பல் முக்கால்வாசி நிமிர்ந்தது. மீதி கால்வாசிக்கு ஆள் இல்லை. விழித்திருந்தவர்கள் கப்பலை ஓட்டுகிறவர்களும் காளியண்ணனும் பாவாயியும்தான்.

மச்சாது மேல்தளத்துக்குப் போனார். கேப்டன் அங்கே, புயல் பிடித்த நேரத்திலிருந்து உட்காராமல், சிவந்த கண்ணோடு நின்றிருந்தார். மச்சாது பக்கத்தில் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மெல்ல, “வண்டி என்னுது, கேப்டன்,” என்றார். கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இரண்டு நாளாகக் கப்பல் முழுக்க அதைக் கேட்டிருந்தார். மச்சாதுவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், சுக்கானிலிருந்து கையை எடுத்தார், அங்கேயே வலப்பக்கத்து மூலையில், மழைக்கோட்டை விரித்துப் படுத்தார். அந்தத் தூக்கம் எத்தனை கடல்களிலிருந்து சேர்ந்ததோ, அது போய் விழுந்ததும் கப்பல் முனகி, நிமிர்ந்து, தண்ணீரில் ஆழமாக உட்கார்ந்து, பிறகு எந்த அலைக்கும் அசையவில்லை.

நாச்சிமுத்து இருபத்தாறு மணி நேரம் தூங்கினார். அதற்குள் காற்று ஓய்ந்தது, வெயில் வந்தது, மற்றவர்கள் அவரவர் தூக்கத்தை முடித்துக்கொண்டு எழுந்து எழுந்து லேசானார்கள், எழுந்தவர்களுக்குப் பதில் வேறு சிலர் போய்ப் படுத்துச் சமம் பார்த்துக்கொண்டார்கள். நேரமாக ஆக அவருடைய கனமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. திரிகோணமலையில், இவ்வளவு ஆழமாக மிதக்கிற கப்பலை உள்ளே விட முடியாது என்று துறைமுகக்காரர்கள் சொன்னார்கள். எவ்வளவு சரக்கு என்று கேட்டதற்கு, இறங்கிக்கொண்டிருக்கிறது, பொறுங்கள் என்று மச்சாது பதில் சொன்னார். பொறுத்தார்கள்.

பாவாயி வண்டியை நிறுத்தவில்லை. அவளுக்குத் தெரிந்த ஊர்கள் நாக்பூரோடு தீர்ந்துபோயின, பிறகு திரும்பி வந்தாள், வந்து மறுபடி போனாள். மிளகாயில் உதடு வீங்கிப் பேச்சு குழறியது. வசந்தாமணி வந்து, நான் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று சைகையில் கேட்டபோது, வேண்டாம், குரல் மாறினால் முழித்துக்கொள்வார் என்று சைகையிலேயே மறுத்துவிட்டாள்.

கப்பல் கரையில் கட்டப்பட்டு மூன்று மணி நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார். ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. கட்டில் சத்தமில்லாமல் பள்ளத்திலிருந்து மேலே வந்தது.

“எங்க வந்துட்டம்?” என்றார்.

“திரிகோணமலை,” என்றாள் பாவாயி. பிறகு, “சங்ககிரியும்தான். ரெண்டு நடை போயிட்டு வந்துட்டேன்,” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்த கை அப்படியே மரத்து நின்றது, உதடு செக்கச் சிவந்து தடித்திருந்தது, தைலம் எரிந்த கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பித்தளையிலிருந்து எடுத்துவிட்டு, தான் படுத்திருந்த இடத்தில், சூடு ஆறும் முன், அவளைப் படுக்கவைத்தார். மடியில் இரண்டு மிளகாய்கள் மிஞ்சியிருந்தன, அவற்றை எடுத்துக்கொண்டு நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வழக்கமாகத் தலை சாய்ந்ததுமே போய்விடுகிறவள், அன்று தூங்காமல் காத்திருந்தாள்.

“வண்டி என்னுது,” என்றார் நாச்சிமுத்து.

வெளியே, கரைக்குப் போட்டிருந்த பலகைவழியாக ஜனங்கள் பைகளோடு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல் இடப்பக்கம் ஒரு சாண் தணிந்தது, பலகை லேசாகச் சாய்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் நின்றிருந்த காளியண்ணன் மட்டும், இறங்கியவர்களில் நாலு ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஊரை அப்புறம் பார்க்கலாம், போய்க் கொஞ்ச நேரம் வலப்பக்கம் படுங்கள் என்று திருப்பி அனுப்பினார்.